உறக்கத்துக்காக வாங்கியவையும் உறக்கத்தைக் கெடுத்தவையும்: குமரி மாவட்ட ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதியில் இயங்கும் ஒரு சிறிய குடும்ப மருத்துவ நிலையத்தில் பதிவான நிகழ்வு இது. சம்பந்தப்பட்ட பெண்மணிக்கும் அவருடைய கணவருக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டிச் சம்மதம் பெற்ற பின்னரே வெளியிடுகிறோம். அவர்கள் யாரென்று தெரியாதிருக்க ஊரையும் உறவுமுறைகளையும் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். உறக்கத்துக்கென்று விற்கப்படும் உணவுத் துணைப்பொருள்களைப் பயன்படுத்துவோரும், அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு என்று உறுதியாக நம்புவதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பின்னணி

அவருக்கு வயது 47. குலசேகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் கணவரும் அவரும் ஒரு தனியார் தோட்டத்தில் கூலிக்கு ரப்பர் பால் வெட்டுகிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 600 மரங்கள். ரப்பர் மரப்பட்டையிலுள்ள பால்குழாய்களில் உள்ளழுத்தம் மிகுந்திருப்பது பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து, வெட்டிய இடத்தில் பால் சீக்கிரமே நின்றுவிடும். அதனால் அதிகாலை 2.30 மணிக்கு எழுந்து, 3 மணிக்குள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவது இவர்களுடைய வழக்கம். சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்து முடிக்கும்போது காலை 10 மணி ஆகிவிடும். பிறகு சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் படுப்பார். இரவு 8.30 மணிக்குப் படுக்கை. இருபது ஆண்டுகளாக இந்த ஒழுங்கில்தான் வாழ்ந்திருக்கிறார்; உறக்கம் ஒரு குறையாக இருந்ததே இல்லை.

ஆறு ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுத்துவருகிறார். எங்களிடம் வருவதற்கு முந்தைய செப்டம்பரில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தைராய்டைச் சுரக்கத் தூண்டும் இயக்குநீரான (ஹார்மோன்) டி.எஸ்.எச்.சின் அளவு (தைராய்டு குறைந்தால் இது உயரும், மிகுந்தால் தாழும்) 3.1 ஆக, இருக்க வேண்டிய வரம்புக்குள்ளேயே இருந்தது. வேறு நோய் எதுவும் பதிவில் இல்லை.

அந்த ஆண்டு ஓணம் கழிந்த சமயத்தில் உறக்கம் கெடத் தொடங்கியது. படுத்தவுடன் கண் அயராது. அயர்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். முதலில் பக்கத்து மெடிக்கலில் கேட்டு, அரிப்புக்கும் சளிக்கும் தரும் குளோர்பெனிரமின் மாத்திரையை இரவில் ஒன்று போட்டுக்கொண்டார். டிசம்பரில் விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் வளைகுடாவிலிருந்து மெலடோனின் கலந்த ஜெல்லி மிட்டாய்ப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஜனவரியில், சென்னையில் வேலை பார்க்கும் மகள், அசுவகந்தா கேப்சூலும் மக்னீசியம் மாத்திரையும் இணையத்தில் வாங்கி அனுப்பிவைத்தார். இவை எல்லாமே அன்பினால் வந்தவை என்பதைச் சொல்லியாக வேண்டும். அம்மா உறங்காமல் தவிப்பதைத் தொலைபேசியில் கேட்ட மகள், தன்னால் முடிந்ததைச் செய்தார்.

முதல் வருகையில் தெரிந்தவை

ஏப்ரல் மாதத்தில் அவர் வந்தது உறக்கக் குறைவுக்காக அல்ல. இடது கைப் பெருவிரலில் பால்வெட்டுக் கத்தி ஆழமாகப் பட்டிருந்தது. காயத்தைச் சுத்தம் செய்து தைத்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னதுதான் எங்களை நிறுத்தியது: "சாரே, கை மட்டுமில்ல, இவ வெட்டுன மரத்துலயும் கத்தி உள்ள எறங்கிக் கெடக்கு. இருவது வருசமாட்டு இவ கையில ஒரு மரம் கெட்டதில்ல."

இத்தொழில் தெரியாதவர்களுக்கு இதன் கனம் எளிதில் புரியாது. தேர்ந்த கை, பட்டையை ஒவ்வொரு நாளும் மிக மெல்லிய சீவலாக எடுக்கும். பால்குழாய்கள் செறிந்திருக்கும் உள்பட்டை வரை போக வேண்டும். அதற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருக்கும் வளர்படலத்தைத் தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலும் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகி, பின்னாளில் வெட்டுவதற்கு ஒவ்வாததாகிவிடும். இருபது ஆண்டு அனுபவமுள்ள கை தொடர்ச்சியாகத் தவறுகிறது என்றால், விழித்திருக்கும் நேரத்திலும் அவர் முழு விழிப்பில் இல்லை என்றே பொருள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104 இருந்தது. நீட்டிய விரல்களில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. நான்கு மாதங்களில் மூன்று கிலோ எடை குறைந்திருந்தது.

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "தைராய்டு குளிகை மட்டும்தான்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. மிட்டாய், வேர்ப்பொடி, சத்து மாத்திரை ஆகியவை அவர் கணக்கில் மருந்தே அல்ல. அவரைப் போன்ற பலருடைய கணக்கிலும் அப்படித்தான். எங்கள் செவிலியர் அருகில் அமர்ந்து, "உறக்கத்துக்குன்னு வாயில என்னெல்லாம் போடுதீங்க அக்கா?" என்று கேட்ட பிறகே மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மறுநாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னோம்.

பையில் இருந்தவை

மெலடோனின் மிட்டாய் ஒன்றுக்கு 10 மில்லிகிராம் என்று புட்டியில் அச்சிட்டிருந்தது. இரவு 8 மணிக்கு ஒன்று சாப்பிட்டிருக்கிறார். நடு இரவில் விழிப்பு வந்தால் 1 மணிக்கு இன்னொன்று. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தும் அளவு அரை மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராம் வரைதான். மெலடோனின் என்பது இருள் சூழ்ந்ததும் மூளையின் பினியல் சுரப்பி வெளியிடும் இயக்குநீர். இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிப்பது அதன் வேலை. 1 மணிக்கு அதை விழுங்கிவிட்டு 2.30 மணிக்குக் கத்தி பிடிக்கப் போகிறவருடைய உடலுக்கு எந்த நேரத்தில் எந்தச் செய்தி கிடைத்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

புட்டியில் அச்சிட்டிருக்கும் அளவையும் நம்பிவிட முடியாது. கனடாவில் விற்கப்பட்ட 31 மெலடோனின் பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், உள்ளடக்கம் குறிப்பிட்டதைவிட 83 விழுக்காடு குறைவு முதல் 478 விழுக்காடு அதிகம் வரை பொருளுக்குப் பொருள் வேறுபட்டது. கால் பங்குக்கும் சற்று அதிகமானவற்றில், நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரடோனினும் குறிப்பிடப்படாமலே இருந்தது. அமெரிக்காவில் 25 மெலடோனின் மிட்டாய் வகைகளைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில் 22 வகைகளின் அளவு, அச்சிட்டதோடு ஒத்துப்போகவில்லை.

அசுவகந்தா கேப்சூலில் வேர்ச்சாறு 600 மில்லிகிராம் இருந்தது. இதோடு, ஊர்க்கடையில் வாங்கிய அமுக்கராப் பொடியைப் பல வாரங்களாக இரவுப் பாலில் ஒரு தேக்கரண்டி கலந்து குடித்துவந்திருக்கிறார். இரண்டும் ஒரே செடியின் வேர் என்பது அவருக்கோ அனுப்பிய மகளுக்கோ தெரியவில்லை. அமுக்கரா நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மூலிகை; உறக்கத்துக்கு ஓரளவு உதவக்கூடும் என்பதற்குச் சிறிய சோதனைகளின் சான்றும் உண்டு. ஆனால் அது தைராய்டு இயக்குநீரின் அளவை உயர்த்தக்கூடும் என்பதும், அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கிறது என்பதும் பதிவாகியுள்ளன. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இதனால் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஐவரைப் பற்றிய அறிக்கை 2020-இல் வெளிவந்தது. சித்த மருத்துவர் ஒருவர் நாடி பார்த்து, உடன் எடுக்கும் மருந்துகளைக் கேட்டறிந்து, அளவு குறித்துக் கொடுப்பதையும், தைராய்டு மருந்து எடுப்பவர் தாமாகவே இரண்டு வடிவங்களில் சாப்பிடுவதையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

மக்னீசியம் மாத்திரை ஆக்சைடு வகை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரிய தீங்கு செய்யாது. வயிற்றை மட்டும் இளக்கும். அவருக்கும் அப்படியே இருந்தது. அதை அவர் எடுத்த நேரம்தான் சிக்கலானது: காலை 10 மணிக்கு வீடு திரும்பியதும் தைராய்டு மாத்திரையையும் மக்னீசியத்தையும் ஒன்றாக, பால் சேர்க்காத கட்டன் சாயாவோடு விழுங்கியிருக்கிறார். மக்னீசியம், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து ஆகியவை லெவோதைராக்சின் உடலில் சேர்வதைத் தடுப்பவை. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

குளோர்பெனிரமின் துணைப்பொருள் அல்ல, மருந்து. ஆயினும் சீட்டின்றிக் கைமாறுவதால் அதையும் அவர் அந்தப் பையில்தான் வைத்திருந்தார்.

கால்களைப் பற்றிய கேள்வி

இரவில் என்ன நடக்கிறது என்று முதலிலிருந்து கேட்டோம். படுத்த சிறிது நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஓர் உணர்வு தொடங்குகிறது. வலி அல்ல, மரத்துப்போவதும் அல்ல. "எலும்புக்குள்ள என்னமோ ஊருத மாதிரி இருக்கு டாக்டரே. காலை ஆட்டாம கெடக்க முடியாது" என்றார். எழுந்து முற்றத்தில் நடந்தால் அடங்கும். மறுபடி படுத்தால் திரும்ப வரும். பகலில் படுக்கும்போது இது பெரும்பாலும் இல்லை. கணவரோ, அவர் உறங்கிய பிறகும் கால்கள் வெட்டி வெட்டி இழுப்பதாகச் சொன்னார்.

காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல், ஓய்வில் அது கூடுவது, அசைத்தால் தணிவது, மாலையிலும் இரவிலும் மிகுவது ஆகிய நான்கும் சேர்ந்தால் அமைதியற்ற கால் நோய்க்குறியை நினைக்க வேண்டும். இதை உறுதிப்படுத்தத் தனிப் பரிசோதனை கிடையாது. நோயாளியின் சொற்களே சான்று. முக்கியமான துப்பு இன்னொன்றும் கிடைத்தது. பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் பால்வெட்டு நின்றது. ஏழு வாரங்கள் அதிகாலையில் எழ வேண்டிய கட்டாயம் இல்லை. அப்போதும் உறக்கம் வரவில்லை. அதிகாலை வேலைதான் காரணம் என்று எல்லோரும் எண்ணியிருந்த விளக்கம் இதனால் தளர்ந்தது.

அமைதியற்ற கால் நோய்க்குறியும் இரும்புச்சத்தும் நெருங்கிய தொடர்புடையவை. மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாவதற்கு இரும்பு வேண்டும். உடலில் இரும்புச் சேமிப்பு குறைந்தவர்களுக்கு இந்நிலை வருவது மிகுதி. குளோர்பெனிரமின் போன்ற, மயக்கம் தரும் ஒவ்வாமை மருந்துகளோ இதைக் கூட்டிவிடும். உறக்கத்துக்கென்று அவர் முதலில் எடுத்த மாத்திரையே கால்களை மேலும் அலைக்கழித்திருக்கக்கூடும். மாதவிடாய் பற்றிக் கேட்டபோது, ஓராண்டுக்கு மேலாக மிகுதியான போக்கு இருப்பதையும், வயது காரணம் என்று எண்ணி யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் சாயா குடிப்பது வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும்.

பரிசோதனை முடிவுகள்

ஹீமோகுளோபின் 10.9. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 14. அமைதியற்ற கால் நோய்க்குறியில் ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கலாம் என்று 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. இவருடைய அளவு அதைவிட வெகு கீழே இருந்தது. தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் இருந்ததால் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்தோம், எதுவும் தென்படவில்லை. ஸ்கேனில் கருப்பையில் ஒரு நார்க்கட்டி தெரிந்தது.

டி.எஸ்.எச். 0.08 என மிகவும் தாழ்ந்திருந்தது. தைராய்டு இயக்குநீரான டி4 வரம்புக்கு மேல் போயிருந்தது. மக்னீசியமும் சாயாவும் மாத்திரையைத் தடுத்திருந்தால் டி.எஸ்.எச். உயர்ந்திருக்க வேண்டும், நேர்மாறாக இருந்தது. மாத்திரைப் பட்டையை எடுத்துப் பார்த்து, மெடிக்கலில் மாற்றிக் கொடுத்துவிடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டோம். தலைமுடிக்கும் தோலுக்கும் என்று விற்கும் மாத்திரைகளிலுள்ள பயோட்டின் என்ற வைட்டமின், சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு மிகுந்ததுபோல் பொய்யான அளவு காட்டும். எனவே பையிலிருந்த எல்லாப் புட்டிகளின் பின்புறத்தையும் வரி வரியாகப் படித்தோம்; எதிலும் பயோட்டின் இல்லை. இதயத் துடிப்புப் பதிவில் வேகம் கூடியிருந்தது, தாளம் சீராகவே இருந்தது. கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளில் குறை இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

அசுவகந்தாவை இரண்டு வடிவங்களிலும் அன்றே நிறுத்தினோம். லெவோதைராக்சின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இரு கருத்துகள் இருந்தன. பல ஆண்டுகள் பொருந்திவந்த அளவு அது. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும், பிறகு டி.எஸ்.எச். மேலேறவும் கூடும். நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரோடு பேசிய பின்னர் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, படபடப்பு கூடினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லி, இடையில் ஒருமுறை நாடியைப் பார்த்து, சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை செய்வதாக முடிவெடுத்தோம். இதயத் தாளம் பிறழ்ந்திருந்தாலோ அவர் முதியவராக இருந்தாலோ இந்த முடிவு வேறாக இருந்திருக்கும்.

குளோர்பெனிரமினையும் மெலடோனினையும் நிறுத்தச் சொன்னபோது அவர் பயந்தார். "இதையும் நிறுத்தினா எனக்குக் கண்ணே மூடாது" என்றார். அந்தப் பயம் நியாயமானது. எனவே எண்களோடு விளக்கினோம். மெலடோனின் குறித்த 19 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வில், அது உறக்கத்தைச் சராசரியாக 7 நிமிடங்கள் முன்னதாகக் கொண்டுவந்தது, மொத்த உறக்கத்தை 8 நிமிடங்கள் கூட்டியது. பயணத்தில் நேர மண்டலம் மாறுவோருக்கும், உறக்க நேரமே பின்தள்ளிப் போனவர்களுக்கும் அதற்குத் தெளிவான பயன் உண்டு. நீடித்த உறக்கமின்மைக்கோ, மெலடோனினையும் வலேரியன் வேரையும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்பதே அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சான்று வலுவானதல்ல என்ற குறிப்போடுதான் அதுவும் சொல்லப்பட்டுள்ளது. நீங்கள் இழக்கப்போவது 8 நிமிடம், அதிகாலையில் கத்தி பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கப்போவது தெளிவு என்று கணவர் அவரிடம் எடுத்துச் சொன்னது எங்கள் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது.

மக்னீசியத்தையும் விட்டுவிடச் சொன்னோம். முதியோரிடம் நடந்த மூன்று சிறு சோதனைகளில் அது உறக்கம் வரும் நேரத்தை ஓரளவு குறைத்தது என்ற கணக்கு உண்டு; மொத்தம் 151 பேர்தான், ஆய்வுத் தரமும் குறைவு. இவருக்கு வயிறு இளகுவதைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவைத்தோம். வீட்டுத் தோட்டத்து ஜாதிக்காயைச் சிறிது உரசிப் பாலில் கலந்து குடிப்பது அவருடைய அம்மா காலத்துப் பழக்கம். ஜாதிக்காய் பல கிராம் அளவில் போனால் மயக்கம், படபடப்பு, குழப்பம் எல்லாம் வரும். ஆனால் கல்லில் இரண்டு சுற்று உரசியது அந்த அளவுக்கு அருகில்கூட வராது. எல்லாவற்றையும் பறித்துவிட்டு ஒருவரை இரவுக்குள் அனுப்புவது நல்லதல்ல என்று நாங்கள் கருதினோம். அளவைக் கூட்டக் கூடாது என்று மட்டும் வலியுறுத்தினோம்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தோம். தினமும் கொடுப்பதைவிட இப்படிக் கொடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடலில் சேரும் பங்கு கூடுகிறது. இனி, மாத்திரைகளுக்கு நேரம் ஒதுக்குவதுதான் வேலையாக இருந்தது. எழுந்தவுடன் 2.30 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். முதல் கட்டன் சாயா, ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போய் 3.30 மணிக்கு மேல். இரும்பு மாத்திரை காலை 10 மணிக்கு, சாப்பிடுவதற்கு முன், எலுமிச்சைச் சாற்றோடு. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் இடையில் ஒரு மணி நேர இடைவெளி. மாலை 5 மணிக்குக் குடித்துவந்த சாயாவைப் பகல் 1 மணியோடு நிறுத்தச் சொன்னோம். காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், இவரோ 8.30 மணிக்குப் படுப்பவர்.

நீடித்த உறக்கமின்மைக்கு முதற்சிகிச்சை மருந்தல்ல, பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. அதன் ஒரு பகுதியான, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறுக்கும் முறையை நாங்கள் தவிர்த்தோம். இவருடைய இரவே ஆறு மணி நேரம்தான். மேலும் குறுக்கினால் மறுநாள் மயக்கம் கூடும், கையில் கத்தி இருக்கும். உறக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் கனத்த பிறகு மட்டும் திரும்பப் படுப்பது, பகல் உறக்கத்தை 11 முதல் 12.30 வரை என வரையறுப்பது ஆகிய இரண்டையும் கடைப்பிடிக்கச் சொன்னோம். கால்களுக்கென்று தனி மருந்து எதையும் அப்போது தொடங்கவில்லை. இரும்புக் குறையைச் சரிசெய்த பின்னும் தொல்லை நீடித்தால் யோசிக்கலாம் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து நடந்தவை

முதல் வாரம் கடினமாக இருந்தது. குளோர்பெனிரமினை விட்டதும் இரண்டு இரவுகள் அவர் ஏறக்குறைய உறங்கவே இல்லை. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததாலும், அந்த நாள்களில் கணவர் மட்டும் தோட்டத்துக்குப் போனதாலும் கடக்க முடிந்தது. உறக்கப் பதிவேடு எழுதுவதற்கு அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்தோம்; அவருக்கு அது ஒத்துவரவில்லை. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில், உறங்கிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோடு, கால் தொல்லை செய்த இரவுக்கு ஒரு வட்டம் என்று பென்சிலால் தாமே ஒரு முறை வகுத்துக்கொண்டார். அந்தத் தாள்களை நூலில் கோத்துக் கொண்டுவந்தார். எங்கள் படிவத்தைவிட அது தெளிவாகவே இருந்தது.

மூன்றாம் வாரத்தில் படபடப்பும் நடுக்கமும் குறைந்தன. இரும்பு மாத்திரையால் மலச்சிக்கல் வந்தது. கீரையும் மட்டிப்பழமும் தண்ணீரும் கூட்டியதில் சமாளித்தார். ஜூனில், எட்டாம் வார மறுபரிசோதனையில், அதே 75 மைக்ரோகிராம் அளவில் டி.எஸ்.எச். 1.8 ஆக வந்தது. தென்மேற்குப் பருவமழை வலுத்து, பால்வெட்டு அடிக்கடி தடைபட்ட நாள்கள் அவை; ஓய்வு கூடியதும் உறக்கத்துக்கு உதவியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கால்கள் அடங்கப் பத்து வாரங்கள் பிடித்தன. தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் வட்டம் இருந்தது. ஜூலை நடுப்பகுதியில் வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் இரண்டு. ஜூலை இறுதியில் ஃபெரிட்டின் 52, ஹீமோகுளோபின் 12.4. இரவு உறக்கம் மூன்றரை மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாக உயர்ந்தது. பகலில் ஒன்றரை மணி நேரம் தனி. மகளிர் மருத்துவர் நார்க்கட்டிக்கு அறுவை இப்போது தேவையில்லை என்று கருதி, போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரை கொடுத்திருக்கிறார். மழை விட்டு அவர் மறுபடி வெட்டத் தொடங்கிய பிறகு மரங்களில் புதுக்காயம் இல்லை என்று கணவர் தெரிவித்தார்.

தைராய்டு அளவு பிறழ்ந்தது அசுவகந்தாவால்தான் என்று முடிவாக நிறுவ இந்த ஒரு நிகழ்வால் இயலாது. தொடங்கியபின் பிறழ்ந்தது, நிறுத்தியபின் சீரானது, மருந்தின் அளவு மாறவில்லை என்ற வரிசை வலுவான ஐயத்தைத் தருகிறது. மீண்டும் கொடுத்துப் பார்ப்பது ஒன்றே ஐயத்தைத் தீர்க்கும்; அதைச் செய்வது முறையல்ல. மாத்திரை எடுக்கும் நேரம் மாறியதும் அளவைப் பாதித்திருக்கலாம், ஆனால் அது எதிர்த்திசையில்தான் பாதித்திருக்கும். ஐயத்துக்குரிய விளைவாக இதனை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவித்தோம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே நேரடியாகவும் தெரிவிக்கலாம்.

மாற்றிக்கொண்டவை

இப்போது எங்கள் நிலையத்தில் யார் வந்தாலும் "மருந்து" என்ற ஒரு சொல்லோடு கேள்வியை முடிப்பதில்லை. சத்து மாத்திரை, பொடி, கஷாயம், மிட்டாய், வெளிநாட்டிலிருந்து வந்த புட்டி, இணையத்தில் வாங்கியது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம். உறக்கம் கெட்டுவிட்டது என்று வரும் ஒவ்வொருவரிடமும் கால்களைப் பற்றிக் கேட்கிறோம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்குக் கால் தொல்லையும் இருந்தால் ஃபெரிட்டின் பார்க்கிறோம். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் இரும்பு போதுமானது என்று சொல்லிவிட முடியாது, சேமிப்புதான் முதலில் குறையும்.

சுற்று வட்டாரத்து மருந்தாளுநர்கள் சிலரோடும் பேசினோம். தைராய்டு மாத்திரை வாங்குகிறவர் அசுவகந்தாவோ மக்னீசியமோ சேர்த்துக் கேட்டால் ஒரு கேள்வி கேட்பதற்கு அவர்கள் மனமுவந்து இசைந்தார்கள். உணவுத் துணைப்பொருள்கள் நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் விற்பனையாகின்றன. மருந்துக்குரிய சான்று அவற்றிடம் கேட்கப்படுவதில்லை. விதிமுறைகளின்படி, மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற எச்சரிக்கையும் 14 இலக்க உரிம எண்ணும் புட்டியில் இருக்க வேண்டும். மகள் அனுப்பிய புட்டிகளில் இரண்டும் இருந்தன. வளைகுடாப் புட்டியில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

செப்டம்பரில் மகள் சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசினார். அம்மாவுக்கு டிரிப்டோபன் கேப்சூல் அனுப்பலாமா, பாலில் இருப்பதுதானே அது என்று கேட்டார். பாலிலும் முட்டையிலும் இருக்கும் அளவில் அது உணவு. செறிவாக்கிக் கேப்சூலில் அடைத்தால் உற்பத்தியில் நேரும் ஒரு பிழைகூடப் பெரிதாகிவிடும் என்று சொன்னோம். 1989-இல் அமெரிக்காவில் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்த டிரிப்டோபனைச் சாப்பிட்டு 1,500-க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியும் இரத்த அணுப் பிறழ்வும் கொண்ட நோய்க்கு ஆளானதையும், பலர் இறந்ததையும் எடுத்துச் சொன்னோம். அவர் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக அம்மாவுக்கு ரப்பர் செருப்பும், நல்ல வெளிச்சமுள்ள நெற்றி விளக்கும் வாங்கி அனுப்பினார்.

டிசம்பரில் ஃபெரிட்டினையும் டி.எஸ்.எச்.சையும் மறுபடி பார்க்கவிருக்கிறோம். ஃபெரிட்டின் 75-ஐத் தாண்டி, மாதவிடாய்ப் போக்கும் கட்டுக்குள் இருந்தால் இரும்பு மாத்திரையை நிறுத்துவோம். கால் தொல்லை திரும்பினால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவதாக அவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.